மிஸ்ஸி யார் என்று கேட்டீர்களா? வேலை, வீடு, பிள்ளைகளுக்கு நடுவே ஒரு கர்ப்பகாலம்



தாய்மை குறித்த நம் தொலைக்காட்சி அரங்கில் நான் பேசியதை, அன்று நிகழ்ச்சியைப் பார்க்க முடியாமல் போனவர்களுக்காக இங்கே சற்று விரிவாக எழுதித் தருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல, தாதியும் அல்ல. கேள்வி கேட்பதும், கிடைத்த பதிலை எல்லாருக்கும் புரியும்படி சொல்வதும்தான் என் தொழில். ஆகவே இதை உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரைப் பார்க்கப் போகும்போது என்னென்ன கேட்கலாம் என்பதற்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் நம் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, "எந்த ஆஸ்பத்திரி?" அடுத்தது, "டாக்டர் ஆணா, பெண்ணா?" மூன்றாவது, "எவ்வளவு செலவாகும்?" மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் "மிஸ்ஸி யார்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

அரசாங்கக் கிளினிக்கில் பதிந்துகொண்ட ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவருடைய இரத்த அழுத்தத்தை எடுப்பவர், வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் வளர்ச்சியை அளப்பவர், பிரசவ அறையில் பக்கத்திலேயே நிற்பவர், சிக்கல் இல்லாத பிரசவத்தில் குழந்தையைக் கையில் ஏந்துபவர், பிறகு வீடு தேடி வந்து தொப்புளைப் பார்ப்பவர் யார்? பெரும்பாலும் மகப்பேற்றுப் பயிற்சி பெற்ற தாதியர்தாம். நம் பாட்டிமார் மருத்துவச்சி என்றார்கள். நாம் மிஸ்ஸி என்கிறோம். பெயர் மாறினாலும் பொறுப்பு அதே பொறுப்பு.

மருத்துவச்சி என்பவர் யார்?

இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு வெற்றிலைப் பெட்டியோடு வரும் ஒரு மூதாட்டிதான் நினைவுக்கு வருகிறார். அவர்களை மதிப்போம். ஆனால் இன்று மருத்துவச்சி என்றால் பொருள் வேறு. தாதியர் கல்வியோடு மகப்பேற்றுப் பயிற்சியும் முடித்து, தேர்வு எழுதி, பெயரைப் பதிவு செய்துகொண்டு, தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு பணியாற்றுபவர்தான் மருத்துவச்சி.

இயல்பாகப் போய்க்கொண்டிருக்கும் கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கவனிப்பது அவர் வேலை. இயல்பு தவறும்போது அதை முதலில் கண்டுபிடித்து, உடனே மருத்துவரிடம் ஒப்படைப்பதும் அவர் வேலைதான். இந்த இரண்டாவது வேலையைத்தான் நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம். எல்லாவற்றையும் தானே செய்துவிடுவேன் என்பவர் திறமைசாலி என்று எண்ணுகிறோம். உண்மையில், எந்த நிமிடத்தில் தாயை அனுப்பிவைக்க வேண்டும் என்று தெரிந்தவரே நல்ல மருத்துவச்சி.

இன்னொரு சொல்லும் இப்போது காதில் விழுகிறது. டூலா என்கிறார்கள். பிரசவ வலியின்போது கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவி, தைரியம் சொல்லும் துணைவர் அவர். அந்தத் துணை நல்லதுதான். ஆனால் டூலா மருத்துவச்சி அல்ல. இரத்தப்போக்கை நிறுத்தவோ, மூச்சுவிடாத குழந்தையை மூச்சுவிட வைக்கவோ அவருக்குப் பயிற்சி கிடையாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, தாதியோ மருத்துவரோ இல்லாமல் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளத் துணிவது பெரிய ஆபத்து.

தோட்டத்திலிருந்து கிளினிக் வரை

இந்த விஷயத்தில் நம் நாடு கடந்து வந்த பாதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1950களின் தொடக்கத்தில் மலாயாவில் ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் 500க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். "பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் கிராமப்புறங்களில் மருத்துவச்சியின் வீடும் கிளினிக்கும் ஒன்றாக இருக்கும் சிறு கட்டடங்களை அரசாங்கம் கட்டத் தொடங்கியது. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் அவர் அங்கே இருப்பார். 1966ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவு இல்லாமல் இத்தொழிலைச் செய்யக்கூடாது என்ற நிலை உண்டானது. கம்போங்குகளில் காலங்காலமாகப் பிரசவம் பார்த்துவந்த பீடான் கம்போங் எனப்படும் மூதாட்டிகளை அரசாங்கம் விரட்டிவிடவில்லை. அவர்களைப் பதிவு செய்து, சுத்தம் பற்றிச் சொல்லிக்கொடுத்து, பயிற்சி பெற்ற மருத்துவச்சிக்குத் துணையாக வைத்துக்கொண்டது. 1970களில் சுமார் 4,000 பேருக்கு ஒரு கிளினிக் டேசா என்ற திட்டம் வந்தது.

நம்மவர்கள் வாழ்ந்த தோட்டங்களின் கதை கொஞ்சம் வேறு. தோட்டம் தனியார் நிலம். அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியும், டிரசரும், ஆஸ்பத்திரி ஆயாவும்தான் துணை. கம்போங்குக்கு வந்த அரசாங்க மருத்துவச்சி தோட்டத்து லயத்துக்கு அவ்வளவு எளிதாக வரவில்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். ஆஸ்பத்திரியும் கிளினிக்கும் பக்கத்தில் வந்தன. ஆனால் லயத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த அக்காவும் சின்னம்மாவும் பக்கத்தில் இல்லாமல் போனார்கள். இன்றைய கர்ப்பிணியின் சிரமம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

மலேசியாவும் இலங்கையும் தாய்மார் மரணத்தை எப்படிக் குறைத்தன என்பதை ஆராய்ந்து உலக வங்கி 2003ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டது. அந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மலேசியரான டாக்டர் இந்திரா பத்மநாதன். பணக்கார நாடாக ஆன பிறகுதான் தாய்மாரைக் காப்பாற்ற முடியும் என்பதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சியை மக்களுக்கு அருகில் வைத்து, அவருக்குப் பின்னால் ஒரு மருத்துவமனையையும் வைத்தால் போதும், மரணம் குறையும் என்பதற்கு இவ்விரு நாடுகளும் சான்று. 2019இல் நம் நாட்டில் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குச் சுமார் 21 ஆக இருந்தது. கோவிட் பரவிய 2021இல் 68ஐத் தொட்டு, பிறகு மீண்டும் இறங்கியது. கைக்கு எட்டிய நன்மையும் கவனம் சிதறினால் நழுவிப்போகும் என்பதை அந்த ஓராண்டு நமக்குக் காட்டியது.

தேர்ந்தெடுக்க நமக்கு வழி இருக்கிறதா?

"அரசாங்கக் கிளினிக்கில் நாமா தேர்ந்தெடுக்கிறோம்? அவர்கள் காட்டும் மிஸ்ஸியிடம்தானே போக வேண்டும்?" என்று கேட்பீர்கள். பாதி உண்மை. பொதுவாக வீட்டு முகவரியை வைத்துத்தான் கிளினிக் அமையும். இன்ன தாதிதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க முடியாது. ஆனாலும் நம் கையில் சில தேர்வுகள் இருக்கின்றன.

முதலாவது, கிளினிக் கெசிஹாத்தான் அல்லது கிளினிக் டேசாவில் தாய் சேய்ப் பிரிவில் பதிந்துகொள்வது. குடிமக்களுக்குக் கட்டணம் பெயரளவில்தான். கணவர் மலேசியராக இருந்து மனைவி தமிழ்நாட்டிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்தவராக இருந்தால் கட்டணம் மாறும். அதை முதல் மாதமே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தனியார் மகப்பேறு மருத்துவரிடம் பார்த்து, தனியார் மருத்துவமனையில் பிள்ளை பெற்றுக்கொள்வது. அங்கும் பிரசவ அறையில் மணிக்கணக்கில் உடனிருப்பவர் மருத்துவச்சிதான். மருத்துவர் கடைசிக் கட்டத்தில் வருவார். ஆகவே தனியார் மருத்துவமனையைப் பார்க்கப் போகும்போது, "இரவு நேரத்தில் பிரசவ அறையில் மகப்பேற்றுப் பயிற்சி பெற்ற தாதி இருப்பாரா?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, இரண்டையும் சேர்த்துக்கொள்வது. ஸ்கேனுக்குத் தனியார் மருத்துவர், மாதாந்தரப் பரிசோதனைக்கு அரசாங்கக் கிளினிக் என்று பலர் செய்கிறார்கள். இது நல்ல வழி. ஒரே நிபந்தனை, இருவருக்கும் ஒரே புத்தகத்தைக் காட்ட வேண்டும்.

நான்காவது, மருத்துவச்சிகள் நடத்தும் தனியார் மகப்பேறு இல்லம். 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றதா என்று பார்த்த பிறகே அந்தப் படியில் கால் வைக்க வேண்டும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

எங்கே போனாலும் இந்த ஐந்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல தாதி இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

1. நீங்கள் பதிவு பெற்றவரா? இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா? அரசாங்கக் கிளினிக்கிலும் மருத்துவமனையிலும் இதை நிர்வாகமே பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லும் தனிநபரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

2. ஏதாவது சிக்கல் என்றால் யாரை அழைப்பீர்கள்? எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? இந்த ஐந்தில் மிக முக்கியமானது இதுதான். பிரசவத்திற்குப் பின் இரத்தம் கொட்டத் தொடங்கினால் மணிக்கணக்கில் அவகாசம் கிடைக்காது. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்பது இந்தக் கேள்விக்குப் பதில் அல்ல.

3. என்னை ஒவ்வொரு முறையும் நீங்களே பார்ப்பீர்களா? கர்ப்பகாலம் முழுக்க ஒரே மருத்துவச்சி கவனிக்கும் முறையைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படிக் கவனிக்கப்பட்ட தாய்மார்களுக்கு ஆயுதப் பிரசவம் குறைவாக இருந்தது, மனநிறைவும் கூடுதலாக இருந்தது. நம் கிளினிக்குகளில் கூட்டம் அதிகம், எப்போதும் அது நடக்காது. ஆனாலும் அந்த மிஸ்ஸி எந்தக் கிழமைகளில் இருப்பார் என்று கேட்டு, அடுத்த தேதியை அதற்கேற்பத் தரமுடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

4. எனக்குப் புரியும் மொழியில் சொல்வீர்களா? மலாய் சரளமாக வராத பெண்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தமிழ் தெரிந்த தாதி இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பள்ளிக்கூடம் போகும் மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவின் இரத்தப்போக்கைப் பற்றி ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிக் கேட்கும்? அம்மாதான் எப்படிச் சொல்வார்?

5. பிரசவத்திற்குப் பிறகு வீட்டுக்கு வருவீர்களா? எத்தனை நாள்? எந்த முகவரிக்கு?

இவற்றோடு நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. இந்த மிஸ்ஸியிடம் மனம் விட்டுப் பேச முடிகிறதா? வெள்ளிக்கிழமை விரதம் இருப்பதையும், மாமியார் வாங்கித் தந்த லேகியத்தையும், இரவில் தூக்கம் வராமல் அழுவதையும் அவரிடம் சொல்ல முடிகிறதா? சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு எந்தத் தாதியாலும் வழி காட்ட முடியாது.

இளஞ்சிவப்புப் புத்தகமும் நான்கு நிறங்களும்

கிளினிக்கில் பதிந்ததும் கையில் தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்தைப் பலர் வருகைப் பதிவேடு போல நினைக்கிறார்கள். அந்தப் புத்தகம்தான் உங்களுக்காகப் பேசும் சாட்சி. நள்ளிரவில், முன்பின் தெரியாத மருத்துவமனையில், நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தாலும் உங்கள் இரத்த வகையையும், இரத்த அழுத்தம் ஏறி வந்த கணக்கையும் அது சொல்லிவிடும். கடைத்தெருவுக்குப் போனாலும் கைப்பையில் இருக்கட்டும்.

அதில் ஒட்டும் நிறக் குறிக்குப் பொருள் உண்டு. வெள்ளை என்றால் பெரிய ஆபத்து அறிகுறி இல்லை, தாதியரே கவனித்துக்கொள்ளலாம். பச்சை என்றால் கிளினிக் மருத்துவரின் மேற்பார்வையும் வேண்டும். தாயின் உயரம் 145 செண்டிமீட்டருக்குக் குறைவு, இரத்தம் ஆர்எச் நெகட்டிவ், வயது 18க்குக் கீழ் அல்லது 40க்கு மேல் போன்றவை இதில் வரும். மஞ்சள் என்றால் நிபுணர் பார்க்க வேண்டும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்றவை இதில் அடங்கும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை.

நிறம் ஒரே இடத்தில் நிற்காது. ஆறாம் மாதம் வரை வெள்ளையாக இருந்த புத்தகம் எட்டாம் மாதம் மஞ்சளாகலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் போக வேண்டியிருக்கிறது. "போன மாதம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்களே" என்பது போன மாதத்துச் செய்தி. இரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டுவிட்டாலும் பல பெண்களுக்கு உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை. அதை வீட்டில், "வேலை அதிகம், அதனால் களைப்பு" என்று சொல்லி விட்டுவிடுவோம். இந்தியர்களான நமக்கு நீரிழிவு வாய்ப்பு அதிகம் என்பதால் சர்க்கரைப் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடவே கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேர்வது குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

28 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவைக் குறிக்க ஓர் அட்டவணை தருவார்கள். காலையிலிருந்து 12 மணி நேரத்துக்குள் 10 அசைவாவது தெரிய வேண்டும் என்பது கணக்கு. ஆனால் வழக்கமாகத் துள்ளும் பிள்ளை திடீரென்று அடங்கிவிட்டதாகத் தோன்றினால் 12 மணி நேரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே புறப்படுங்கள். இரத்தம் படுதல், பனிக்குடம் உடைதல், கண் மங்கலோடு கடுமையான தலைவலி, வலிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். விடியும்வரை பார்ப்போம் என்ற பேச்சே கூடாது.

தவறிப்போகும் தேதிகள்

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு கர்ப்பகாலத்தில் குறைந்தது எட்டு முறையாவது பரிசோதனை வேண்டும் என்றும், முதல் பரிசோதனை 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கிளினிக் இருக்கிறது, மிஸ்ஸியும் இருக்கிறார். பிறகு ஏன் தேதி தவறுகிறது?

காலை ஐந்து மணிக்கு எழுந்து, சோறு வடித்து, மூத்த பிள்ளையைத் தமிழ்ப்பள்ளி வேனில் ஏற்றி, சின்னவனைப் பாலர் பள்ளியில் விட்டு, தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கணவருக்கு இரவு ஷிஃப்ட். மாமியாருக்கு முழங்கால் வலி, அவருக்கும் கிளினிக் தேதி உண்டு. இந்த வீட்டில் யாருடைய தேதி முதலில் தள்ளிப்போகும்? கர்ப்பிணியின் தேதிதான். பிள்ளையின் பரீட்சையும் மாமியாரின் மருந்தும் கணவரின் ஓவர்டைமும் நாள் பார்த்துக் காத்திருக்காது. "எனக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த வாரம் போகிறேன்" என்று அவளே விட்டுக்கொடுத்துவிடுகிறாள். வீட்டில் உள்ள மற்றவர்களும் அதைப் பொறுமை என்று பாராட்டுகிறார்கள். அப்படித் தள்ளிப்போன அந்த ஒரு வாரத்தில்தான் இரத்த அழுத்தம் ஏறியிருக்கும்.

ஆகவே மருத்துவச்சியைத் தேர்ந்தெடுப்பது பெண் ஒருத்தியின் வேலை அல்ல, குடும்பம் சேர்ந்து செய்ய வேண்டிய முடிவு. மிகச் சிறந்த மிஸ்ஸி 40 நிமிடத் தூரத்தில் இருந்து, அழைத்துப் போக ஆள் இல்லையென்றால் அந்தச் சிறப்பால் என்ன பயன்? நடந்தே போகக்கூடிய கிளினிக் டேசாவில் இருக்கும் பதிவு பெற்ற தாதி, எல்லாத் தேதியிலும் உங்களைப் பார்க்க முடியும் என்பதாலேயே மேலானவராகிறார். வெள்ளைக் குறி உள்ள கர்ப்பத்துக்கு அவரே போதும். மற்ற நிறம் வந்தால் அவரே வழிகாட்டி மேலே அனுப்புவார்.

செய்ய வேண்டியது எளிது. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் அடுத்த பரிசோதனைத் தேதியைக் கிளினிக்கிலிருந்து வந்ததும் எல்லாருக்கும் தெரியும்படி எழுதுங்கள். பக்கத்திலேயே மூன்று பெயர்களையும் எழுதுங்கள்: அழைத்துப் போவது யார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார், அன்றைய சமையல் யார். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டால் கடைசியில் அந்த யாராவது கர்ப்பிணியாகவே இருப்பாள்.

வேலைக்குப் போகிறவர்கள் கிளினிக்கில் டைம் சிலிப் கேட்டு வாங்கி முதலாளியிடம் கொடுக்கலாம். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. திருமணமான தந்தைக்கும் தொடர்ந்தாற்போல் 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதற்கு அந்த முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும், 30 நாளைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். கணவன்மார்களே, அந்த ஏழு நாளை வீட்டுக்கு வெள்ளையடிக்க எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பிள்ளை பெற்றவளுக்காகத் தரப்பட்ட விடுப்பு.

இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் என்ன செய்வது என்பதையும் ஏழாம் மாதமே பேசி முடிவு செய்யுங்கள். யாருடைய கார், தூங்கும் பிள்ளைகளோடு இருக்க எந்தப் பக்கத்து வீட்டு அக்கா வருவார், கார் கிடைக்காவிட்டால் 999ஐ அழைப்பது யார்? இளஞ்சிவப்புப் புத்தகம், அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே பையில் வைத்துவிடுங்கள்.

தாய்வீட்டுக்குப் போகும் முன்

நம் வழக்கத்தில் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். அருமையான வழக்கம். அவளுக்கு ஓய்வு கிடைக்கிறது, அம்மாவின் கை உணவு கிடைக்கிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சுங்கை சிப்புட்டில் தாய்வீடு, காஜாங்கில் கணவர் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் காஜாங்கில் பார்த்த மிஸ்ஸிக்கு அவள் போனது தெரியாது. சுங்கை சிப்புட் மிஸ்ஸிக்கு அவள் வந்தது தெரியாது. ஏழாம், எட்டாம் மாதம் என்பது இரத்த அழுத்தத்தையும் குழந்தையின் வளர்ச்சியையும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய காலம். அந்தக் காலத்தில்தான் நம் பெண்கள் இரு கிளினிக்குகளுக்கும் நடுவே காணாமல் போகிறார்கள்.

புறப்படும் முன் பழைய கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். புதிய இடத்துக்குப் போன அதே வாரம் அங்குள்ள கிளினிக்கில் புத்தகத்தைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். பிரசவத்திற்குப் பின் எந்த முகவரியில் இருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இல்லையென்றால் மிஸ்ஸி கணவர் வீட்டுக்கு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

வயிற்றில் எண்ணெய் தேய்த்துக் குழந்தையைத் திருப்பிவிடுகிறேன் என்று யாராவது வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்து உள்ளேயே இரத்தம் கசிய அது காரணமாகலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. கால் வலிக்கு இதமாகப் பிடித்துவிடுவது வேறு, வயிற்றை அமுக்குவது வேறு.

பிள்ளை பிறந்த பிறகு

பிரசவம் முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். பேறுகால மரணங்களில் கணிசமானவை பிள்ளை பிறந்த பிறகே நிகழ்கின்றன. அதனால்தான் முதல் பத்து நாளில் தாதியர் பல முறை வீடு தேடி வருகிறார்கள். தாயின் இரத்தப்போக்கு, காய்ச்சல், தையல், மார்பகம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். குழந்தையின் தொப்புள், எடை, மஞ்சள் காமாலை ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். காமாலைக்கு வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனை சொன்னால் அன்றே எடுங்கள். அளவு மீறினால் குழந்தையின் மூளையைப் பாதிக்கும்.

பத்தியம் இருக்கட்டும். பூண்டுக் குழம்பும் கருவாடும் நல்லதுதான். ஆனால் "தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும்" என்று பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீரை நிறுத்துவது பத்தியம் ஆகாது. மிஸ்ஸி வரும்போது பெரியவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்கட்டும். சந்தேகத்தை அவரிடமே கேட்கட்டும். பிள்ளை பெற்றவள் காரணமின்றி அழுதால், குழந்தையைத் தூக்கவே மனம் இல்லாமல் இருந்தால், "கொழுப்பு" என்று திட்டாமல் அதையும் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். அதுவும் ஒரு நோய், அதற்கும் சிகிச்சை உண்டு. அவளைச் சற்று நேரம் தனியாகவும் மிஸ்ஸியிடம் பேசவிடுங்கள்.

நேயர்களே, நம் பாட்டி காலத்தில் மருத்துவச்சிக்காகத் தாய்மார்கள் ஏங்கினார்கள். இன்று அவர் நம் தாமானிலேயே இருக்கிறார், நம் வாசலுக்கும் வருகிறார். அவரைப் பார்க்கப் போவதற்கு ஒரு காலைப் பொழுதை அவளுக்கு ஒதுக்கித் தருவது கணவரும் மாமியாரும் பெற்றோரும் சேர்ந்து செய்யக்கூடிய சிறிய காரியம். உங்கள் வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இன்றே அந்த இளஞ்சிவப்புப் புத்தகத்தைத் திறந்து அடுத்த தேதி என்ன என்று பாருங்கள். அன்று அவளோடு யார் போவது என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.